குழாய் போட்டதால்தான் அம்மாவின் இதயம் பலவீனமானதா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அம்மாவுக்கு 64 வயது. பீடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். ஆறேழு வருடங்களாக இளைப்பு, இன்ஹேலர் பழக்கம். போன மார்கழியில் சளி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறல் அதிகமானது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். 82 இருந்த அளவு 99க்கு ஏறியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ராத்திரிக்குள் அம்மா எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே, குழாய் போடாமல் முகமூடி வழியாகவே காற்றை அழுத்தித் தள்ளும் பைபேப் வைத்தார்கள். அரைமயக்கத்தில் அம்மா அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். கடைசியில் மகனிடம் கையெழுத்து வாங்கி, தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள்.

பத்து நிமிடத்தில் பிபி 70க்கு இறங்கியது. ஐசியு கண்ணாடிக் கதவு வழியாக மகன் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஒரு டாக்டர் குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, மானிட்டரைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார். இன்னொருவர் அம்மாவின் நெஞ்சை லேசாக அமுக்குகிறார். ‘முடிந்தது, கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்’ என்கிறார் மகன். அதற்குப் பிறகு பிபியை ஏற்ற மருந்து ஓடியது. மறுநாள் சலைனை நிறுத்திவிட்டு, நீர் பிரிய ஊசி போட்டார்கள். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். பதினொன்றாம் நாள் அம்மா வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் தாளில் ‘வலப்பக்க இதயம் பலவீனம், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம்’ என்று எழுதியிருக்கிறது. ‘மெஷின்ல வைக்காம இருந்திருந்தா இதயமாவது நல்லா இருந்திருக்கும்’ என்கிறார்கள் உறவினர்கள். ‘இனிமே அந்தக் குழாய் எனக்கு வேண்டாம்’ என்கிறார் அம்மா. மகன் கேட்பது மூன்று விஷயம்: என் கையெழுத்துதான் காரணமா? டாக்டர்கள் எங்களிடம் எதையாவது மறைத்தார்களா? மறுபடியும் இப்படி வந்தால் என்ன செய்வது?

தம்பி, முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அம்மாவின் இதயம் அந்தக் கையெழுத்தால் கெடவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய தாள்களிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்வதற்காக ‘ஃபிட்னஸ்’ வாங்கப் போனபோது எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டும் அந்தத் தாள்களோடு இருந்தது. வலது இதய அறைகள் விரிந்திருப்பதாகவும், நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம் 52 இருக்கலாம் என்றும் அதில் போட்டிருக்கிறது. அந்த அளவு சாதாரணமாக 35ஐத் தாண்டாது. ‘சாயங்காலமானால் அம்மாவுக்குக் கால் வீங்கும், வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம்’ என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வீக்கத்துக்கு வயசு மட்டும் காரணமாக இருந்திருக்காது. வலது இதயம் அப்போதே திணறிக்கொண்டிருந்ததன் அடையாளமாகத்தான் எனக்குத் தெரிகிறது. யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பலவீனம் வென்டிலேட்டர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

அதற்காக உங்கள் உறவினர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வென்டிலேட்டர் வலது இதயத்துக்குச் சுமைதான். இதை மருத்துவ உலகம் வெகுகாலமாக அறியும்.

மூச்சை உள்ளே இழுப்பதும் உள்ளே தள்ளுவதும்

நாம் மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் காற்று நுரையீரலுக்கு வருகிறது. கூடவே, உடம்பெங்கும் உள்ள அசுத்த ரத்தமும் வலது இதயத்துக்கு இழுபட்டு வருகிறது. ஒரே இழுப்பில் இரண்டு வேலை. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. காற்றை உள்ளே தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்துக்கு அது முட்டுக்கட்டை.

அடுத்த சுமை நுரையீரலுக்குள். நீங்கள் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். இடது இதயம் போர்வெல் மோட்டார் மாதிரி. சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமன், சராசரியாக 90 அளவு அழுத்தத்தில் உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிறது. வலது இதயத்தின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அது நுரையீரலுக்குள் ரத்தத்தை அனுப்பும் அழுத்தம் சராசரியாக 15 போல. வயலில் பரப்பிய மெல்லிய பக்கக் குழாய்களுக்குக் குறைந்த அழுத்தமே போதும் இல்லையா, அப்படி. இப்போது அந்தப் பக்கக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரோ காலால் மிதித்தால்? நுரையீரலின் காற்றுப் பைகள் அளவுக்கு மீறி விரியும்போது அவற்றைச் சுற்றி ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அப்படித்தான் நசுங்குகின்றன. மெல்லிய சுவர் கொண்ட வலது இதயம் அதற்கு எதிராகத் தள்ள முடியாமல் பலூன் போல விரிகிறது.

விரிந்தால் இன்னொரு தொல்லை. வலது, இடது அறைகளுக்கு நடுவில் ஒரே சுவர்தான், இரண்டையும் சுற்றி ஒரே உறை. வலது பக்கம் உப்பினால் நடுச்சுவர் இடது பக்கம் தள்ளப்பட்டு, இடது அறையில் ரத்தம் நிரம்ப இடமில்லாமல் போகும். பிபி இறங்கும். பிபி இறங்கினால் வலது இதயத்தின் தசைக்கே போக வேண்டிய ரத்தமும் குறையும், அது இன்னும் பலவீனமாகும். இந்தச் சுழலைத்தான் நாங்கள் ஐசியுவில் பயந்து பயந்து பார்ப்போம்.

டாக்டர்கள் மறைத்தார்களா என்று கேட்டீர்கள். இந்தச் சுமை ரகசியமே இல்லை. 1948லேயே நியூயார்க்கில் ஆந்த்ரே கூர்நாண்டும் அவருடைய குழுவினரும், காற்றை அழுத்தித் தள்ளும்போது இதயம் வெளியேற்றும் ரத்தம் எப்படிக் குறைகிறது என்பதை மனிதர்களிடமே அளந்து எழுதிவிட்டார்கள். இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளக்கும் முறையை வளர்த்ததற்காக அவருக்கு 1956ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனாலும் 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து ராப்பகலாகக் கையாலேயே பையை அமுக்கிக் காற்றைத் தள்ளித்தான் நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். இன்றைய ஐசியுவுக்கு அங்கேதான் விதை விழுந்தது. இந்தச் சுமை தெரிந்தேதான் வென்டிலேட்டரைப் பயன்படுத்துகிறோம். ஆனால் கையெழுத்து வாங்கும்போது ‘பிபி இறங்கலாம், இதயத்துக்குச் சிரமம் வரலாம்’ என்று உங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நடு ராத்திரி அவசரத்தில் அது விட்டுப்போகிறது. விடக்கூடாது.

கண்ணாடிக்கு அப்பால் நீங்கள் பார்த்தது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான். குழாயைக் கழற்றிவிட்டு டாக்டர் சும்மா நின்ற அந்தச் சில நொடிகள். நான் அங்கே இல்லை, கேஸ் ஷீட்டையும் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் வர்ணித்ததை வைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் செய்ய வேண்டிய மிகச் சரியான காரியத்தை அவர் செய்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

சிஓபிடி என்று சொல்லும் இந்த நுரையீரல் அடைப்பு நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். சுருங்கிய மூச்சுக்குழல்கள் வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். முந்தைய மூச்சு முழுக்க வெளியேறும் முன்பே அடுத்ததைத் தள்ளினால் காற்று உள்ளேயே தங்கும். இப்படி மூச்சுக்கு மூச்சு சேர்ந்து, நெஞ்சு காற்றடைத்த ட்யூப் மாதிரி ஆகிவிடும். இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, நுரையீரல் ரத்தக்குழாய்கள் நசுங்கும், பிபி சரியும். குழாய் போட்டவுடன் பதற்றத்தில் வேகமாகப் பையை அமுக்கினாலும் இது நடக்கும். மெஷினில் மூச்சு எண்ணிக்கையைக் கூடுதலாக வைத்தாலும் நடக்கும். சில நொடிகள் மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, நெஞ்சை மெல்ல அமுக்கித் தேங்கிய காற்றை வெளியேற்றுவதுதான் வைத்தியம். பிபி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கைவிட்டவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

பிபி இறங்கியதற்கு இன்னொரு பங்காளியும் உண்டு. குழாய் போடுமுன் கொடுக்கும் மயக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். அதோடு, மூச்சுக்காகப் போராடும் உடம்பு தன் சக்தியை எல்லாம் திரட்டித்தான் பிபியைத் தாங்கிப் பிடித்திருக்கும். மயக்கியதும் அந்தப் பிடி விடும். வலது இதயம் பலவீனமானவர்களுக்குக் குழாய் போடும் நிமிடங்கள்தான் மிக ஆபத்தானவை. பிபி ஏற்றும் மருந்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சலைன் விஷயம். ‘பிபி குறைவாக இருக்கும்போது இன்னும் ரெண்டு பாட்டில் ஏற்றாமல், நீர் பிரிய ஊசி போடுவார்களா?’ என்று உங்கள் சித்தப்பா கோபப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுப்போக்கில் பிபி இறங்கினால் சலைன்தான் மருந்து. ஆனால் ஏற்கெனவே பலூனாக உப்பிய வலது இதயத்தில் மேலும் ரத்தத்தை நிரப்பினால் நடுச்சுவர் இன்னும் இடது பக்கம் சாயும், பிபி இன்னும் இறங்கும். நோர்அட்ரினலின் மாதிரி மருந்தால் பிபியைத் தாங்கிப் பிடித்து, உபரி நீரை வெளியேற்றினால் இதயம் தன் அளவுக்குச் சுருங்கி மூச்சு விடும். அவர்கள் போன வழி சரியான வழி.

சுமை எது, பெரிய சுமை எது

உறவினர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். மறுபக்கம் இது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தன் ரத்தக்குழாய்களைத் தானே சுருக்கிக்கொள்ளும். கரியமில வாயு கூடி ரத்தம் அமிலமானாலும் அதே சுருக்கம். உங்கள் அம்மா பெரிய மருத்துவமனைக்கு வந்தபோது ரத்தத்தில் கரியமில வாயு 96 என்று தாளில் இருக்கிறது. 35 முதல் 45 வரை இருக்க வேண்டியது. அந்த நிலையில் விட்டிருந்தால் வலது இதயத்தின் மேல் விழும் சுமை, சரியாக வைத்த வென்டிலேட்டரின் சுமையைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும். மூச்சே நின்றிருக்கவும் கூடும்.

‘சரியாக வைத்த’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். கடுமையான நுரையீரல் பாதிப்பில் உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்ததற்கும் 6 மில்லி கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதிகக் காற்று கொடுத்தவர்களில் இறப்பு சுமார் 40 சதவீதம், குறைவாகக் கொடுத்தவர்களில் 31. அம்மாவின் நோய் வேறு, ஆனால் பாடம் அவருக்கும் பொருந்தும்: அளவான காற்று, குறைந்த எண்ணிக்கை, வெளியேற நீண்ட நேரம். ஒரே மெஷின், வைக்கும் விதத்தில் மருந்தும் ஆகும், பாரமும் ஆகும். கொரோனா காலத்தில் ‘வென்டிலேட்டரில் வைத்தால் திரும்ப மாட்டார்கள்’ என்ற பயம் நம் ஊர்களில் ஆழமாக இறங்கிவிட்டது. அன்று பலருடைய நுரையீரலும் ஏற்கெனவே முற்றிலும் கெட்டிருந்தது. அம்மா மாதிரி, சளித் தொற்றால் திடீரென்று மோசமாகி, தொற்று அடங்கினால் மீளக்கூடியவர்களின் கதை வேறு.

ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். முதல் மருத்துவமனையில் 99 பார்த்து நிம்மதியானீர்களே, அந்த 99 இந்த நோயில் நல்ல எண் இல்லை. நாள்பட்ட சிஓபிடியில் அளவுக்கு மேல் ஆக்சிஜன் போனால் கரியமில வாயு ஏறி மயக்கம் வரலாம். 88 முதல் 92 வரை போதும். இப்போது வீட்டில் விரலில் மாட்டும் கருவி 90 காட்டினால் பயந்து ஆக்சிஜன் மெஷினின் திருகைக் கூட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

மறுபடியும் வந்தால்

வராமல் பார்ப்பதில் பாதி வேலை இருக்கிறது. டாக்டர் எழுதிய அளவில் ஆக்சிஜனைத் தினமும் குறைந்தது 15 மணி நேரம் வையுங்கள், தூங்கும் நேரமும் சேர்த்து. ரத்த ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களுக்கு இப்படி நீண்ட நேரம் வைப்பது ஆயுளைக் கூட்டும் என்பது 1980, 1981ஆம் ஆண்டுகளின் இரண்டு ஆய்வுகளிலிருந்தே தெரியும். வலது இதயத்துக்கும் அதுதான் முதல் மருந்து. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினாலோ கால் வீக்கம் ஏறினாலோ காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். விறகடுப்பு பக்கமே அம்மா போகக்கூடாது, வெந்நீர் போடக்கூட. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். நுரையீரல் அழுத்தத்துக்கு என்று உங்கள் மச்சான் மருந்துக்கடையில் சொன்ன சில்டெனாஃபில் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வேறு வகை நுரையீரல் அழுத்த நோயில் அது நல்ல மருந்து. சிஓபிடியில் ரத்தத்தைக் கெட்டுப்போன பகுதிகளுக்கும் திருப்பிவிட்டு ஆக்சிஜனைக் குறைத்துவிடலாம்.

முக்கியமான ஒன்று. டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கரியமில வாயு அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது 53க்கு மேலேயே நின்றால், ராத்திரியில் வீட்டிலேயே பைபேப் வைப்பது மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடும் என்று 2017ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. பகலில் தெளிவாக இருக்கும்போது பழகிவிட்டால், நெருக்கடியில் அம்மா முகமூடியைப் பிடுங்க மாட்டார். நெருக்கடியிலும் முதல் படி பைபேப்தான். பலருக்குக் குழாய் தேவைப்படாமல் போவது அதனால்தான். அதிலும் அழுத்தம் இருக்கிறது, இதயத்துக்கு அதுவும் கொஞ்சம் சுமைதான். ஆனால் மயக்க மருந்து வேண்டாம், வேண்டும்போது கழற்றலாம், அம்மா பேசலாம்.

ஓர் அட்டை எழுதி அம்மாவின் பையில் வையுங்கள்: ‘சிஓபிடி. வலது இதயம் பலவீனம். ஆக்சிஜன் 88–92 போதும். முதலில் பைபேப்.’ 108 ஊழியரிடமும் கேஷுவாலிட்டி டாக்டரிடமும் அதைக் காட்டுங்கள். குழாய் போடும் நிலை வந்தால் மூன்று கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: பிபி மருந்து தயாரா? காற்று தேங்காமல் இருக்க மெஷினை எப்படி வைக்கப் போகிறீர்கள்? இத்தனை நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்து என்ன? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். பழைய கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. சண்டைக்காக வேண்டாம். அடுத்த டாக்டருக்கு அது பெரிய உதவி.

அம்மா ‘வேண்டாம்’ என்கிறாரே

நீங்களும் உங்கள் தங்கையும் இதைப் பற்றி அடுத்த அறையில் வாக்குவாதம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா தெளிவாக இருக்கிறார். அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். எது வேண்டாம் என்கிறார்? தொண்டைக் குழாயா, கை கட்டப்பட்டதா, பேச முடியாமல் போனதா, உங்களைப் பார்க்க முடியாததா? நான் இப்படிக் கேட்ட பலர், ‘ரெண்டு மூணு நாள்னா போடுங்க, மாசக்கணக்குல வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஒரு தெளிவான முடிவுதான். முழுக்க வேண்டாம் என்றே சொன்னாலும், சுயநினைவோடு இருப்பவர் சிகிச்சையை மறுக்க உரிமை உள்ளவர். அப்போதும் பைபேப், மருந்து, மூச்சுத் திணறலைத் தணிக்கும் வைத்தியம் எல்லாம் தொடரும்.

நினைவு தவறிய பிறகு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் வழி உண்டு. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தன் சார்பில் பேச நம்பிக்கையானவர்களின் பெயரையும் அதில் எழுதலாம், மனம் மாறினால் மாற்றவும் செய்யலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தப் பத்திரம் முக்கியமாக, மீள வழியில்லாத நிலைக்காக வந்தது. மீளக்கூடிய ஒரு சளித் தொற்றில் டாக்டர்கள் அதை வைத்து மட்டும் குழாயை மறுத்துவிட மாட்டார்கள். அதனால் நெருக்கடி ஒவ்வொன்றுக்கும் அம்மா என்ன விரும்புகிறார் என்பதை இப்போதே அவருடைய நுரையீரல் டாக்டரிடம் சொல்லி, பழைய சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த எக்கோவை, அம்மாவின் உடல் நிலையாக இருக்கும்போது, மூன்று மாதம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். நோய் முற்றிய நேரத்தில் எடுத்ததில் இருந்த பலவீனத்தில் ஒரு பகுதி அப்போது தேறியிருக்க வாய்ப்பு உண்டு. கண்புரைக்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டையும் கூடவே கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்கள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.